80 போனா ஸ்டியரிங் ஆடுது, 55 போனா லாரிக்காரங்க ஹாரன் அடிக்கறாங்க: பழைய டிராவலருக்கு எந்த ஸ்பீடு சரி?

கேள்வி: நான் குடியாத்தம் பக்கம் ரிடையர் ஆன ஸ்கூல் வாத்தியார். 2007 மாடல் டெம்போ டிராவலர் ஒண்ணு வாங்கி, சீட்டு எல்லாம் எடுத்துட்டு உள்ள கட்டில், சின்ன கிச்சன், 100 லிட்டர் தண்ணி டேங்க், ரெண்டு பேட்டரி, மேல கேரியர்னு வச்சு நானும் வீட்டுக்காரம்மாவும் ஊர் சுத்தறோம். 75, 80 போனா ஸ்டியரிங் ஆடுது, அவங்க பயந்துகினு கைப்பிடியை இறுக்கிப் பிடிச்சிக்கறாங்க. ஓசூர் போகும்போது சூளகிரி ஏத்தத்துல ஹீட் முள்ளு முக்காலுக்கு வருது. 60-ல போனா லிட்டருக்கு 11 கொடுக்குது, 80-ல போனா 8 தான். ஃப்ரெண்டு ஒருத்தர் டீசல் வண்டியை 90-ல இழுத்தா தான் இன்ஜின் சுத்தமா இருக்கும்ங்கறாரு, மருமகன் 50-ஐ தாண்டாதீங்கங்கறாரு. இதுல எது சரி?

பதில்:

வணக்கம் சார். மொதல்ல வீட்டுக்காரம்மா விஷயம். அவங்க கைப்பிடியைப் பிடிச்சிக்கறதை வெறும் பயம்னு எடுத்துக்காதீங்க, தினம் ஸ்டியரிங் பிடிக்கறவங்களுக்கு அந்த ஆட்டம் கொஞ்ச நாள்ல பழகிப் போயிடும், பக்கத்துல உக்காந்திருக்கறவங்களுக்கு பழகவே பழகாது. எங்கிட்ட வர்ற வண்டிங்கள்ல டிரைவர் "ஒண்ணும் இல்லண்ணா, லேசா ஆடுது"ன்னு சொல்லுவாரு, பக்கத்துல வந்தவங்களை தனியா கேட்டா "இன்னாண்ணா லேசா, பல்லு கிட்டுது"ன்னு சொல்லுவாங்க. வண்டியைத் தூக்கிப் பாத்தா அவங்க சொன்னது தான் சரியா இருக்கும். அதனால உங்க வண்டியில இருக்கற நல்ல மீட்டர் அவங்க தான் சார், அவங்க சொல்றதை நோட்டு போட்டு எழுதுங்க, எதுக்குன்னு பின்னாடி சொல்றேன்.

நான் வேலூர் கொணவட்டத்துல 28 வருஷமா வேன் மெக்கானிக் வேலை தான் பாக்கறேன், பழைய மேட்டடார் வேன்ல கத்துகினு டிராவலருக்கு வந்தவன். ஸ்பீடு பத்தி கேக்கற எல்லாரும் ஒரு நம்பர் தான் கேக்கறாங்க, நானும் கடைசில நம்பர் சொல்றேன், ஆனா அது எங்க இருந்து வருதுன்னு தெரியாம நம்பரை மட்டும் வாங்கிகினு போனீங்கன்னா அடுத்த வருஷம் டயர் பழசானதும் அதே நம்பர் தப்பாயிடும். இன்ஜின், டயர், பிரேக், முன்பக்க சாமான், ரேடியேட்டர், ஓட்டறவரோட கண்ணு, காலு, இடுப்பு, இதெல்லாம் சேர்ந்து தான் ஒரு வண்டி ஓடுது. இதுல எது மொதல்ல "போதும்"னு சொல்லுதோ அது சொல்ற ஸ்பீடு தான் அந்த வண்டியோட ஸ்பீடு. உங்க இன்ஜின் 90 போகும், எனக்கு அதுல சந்தேகமே இல்ல. மெர்சிடிஸ் டிசைன்ல இருந்து வந்த வேன் அது, 1987-ல பஜாஜ் டெம்போ பேர்ல வந்துச்சு, 2005-ல தான் கம்பெனி பேரே போர்ஸ் மோட்டார்ஸ்னு மாறுச்சு, அந்தக் கால இன்ஜினுங்க லேசுல சாகாது. சிக்கல் என்னன்னா இன்ஜின் ரொம்ப நல்லா இருக்கறதுனால மத்த சாமான் எல்லாம் அதுக்கு ஈடா இருக்குன்னு நாம நம்பிடறோம்.

உங்க லெட்டர்ல என்னை ரொம்ப யோசிக்க வச்சது வெயிட்டு தான். சீட்டை எல்லாம் கழட்டிட்டோம்னு எழுதியிருக்கீங்க, எல்லாரும் அதோட வண்டி லேசாயிடுச்சுன்னு நினைச்சிக்கறாங்க. கணக்கு போட்டுப் பாருங்க சார். 100 லிட்டர் தண்ணின்னா நூறு கிலோ, அது டேங்க் இல்லாம. பெரிய இன்வெர்ட்டர் பேட்டரி ஒண்ணு 50 கிலோவுக்கு மேல, ரெண்டுன்னா நூறைத் தாண்டிடுச்சு. வீட்டு சிலிண்டர்ல கேஸ் 14.2 கிலோ, இரும்போட சேத்தா 30 கிலோ. அப்புறம் பிளைவுட், அதைத் தான் யாரும் கணக்குல சேக்கறதே இல்ல, 18 எம்எம் பிளைவுட் எட்டுக்கு நாலு ஷீட் ஒண்ணே 35 கிலோ பக்கம் வரும், கட்டில், அலமாரி, கிச்சன் மேடைன்னு ஏழெட்டு ஷீட் உள்ள போயிருக்கும், கால் டன் அங்கேயே வந்துடுச்சு. கேரியர், துணிமணி, அரிசி, பாத்திரம், நீங்க ரெண்டு பேர். சரி, பன்னெண்டு பேர் உக்காந்தாலும் இவ்ளோ வெயிட் வரும் தானேன்னு கேப்பீங்க. வரும். ஆனா பன்னெண்டு பேரும் ஊர் போய் சேந்ததும் இறங்கிடுவாங்க, உங்க அலமாரி இறங்காது. வீட்டு வாசல்ல வண்டி மூணு வாரம் சும்மா நின்னாலும் அந்த வெயிட்டு டயர் மேலயும் வண்டியைத் தாங்கற கமான் பட்டை மேலயும் ராவும் பகலும் உக்காந்துகினே இருக்கு.

வெயிட்டு எவ்ளோங்கறதை விட எங்க இருக்குங்கறது தான் ஸ்டியரிங்கை ஆட்டும். போன வருஷம் ஒரு வண்டி வந்துச்சு, உங்களுது மாதிரியே வீடு கட்டின வண்டி, உள் வேலை செஞ்சவரு பாக்க ரொம்ப அழகா செஞ்சிருந்தாரு, ஆனா தண்ணி டேங்க், பேட்டரி எல்லாத்தையும் பின் வீலுக்கும் பின்னால, அதுவும் வலது பக்கமாவே வச்சிட்டாரு, பைப் போட சுலபமா இருக்கும்னு. வீல்பேஸ் 3,350 மில்லிமீட்டர் வண்டி அது. பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால 100 கிலோ வச்சீங்கன்னா முன் அச்சு மேல இருந்து 30 கிலோவைத் தூக்கிடும், பின் அச்சு மேல 130 கிலோவா போய் உக்காரும், ஏத்தம் மரம் மாதிரி தான். அந்த வண்டிக்காரர் ஆறு மாசமா "ஸ்டியரிங் மிதக்குது, மிதக்குது"ன்னு சொல்லி ரெண்டு தடவை அலைன்மெண்ட் பண்ணிட்டு வந்திருந்தாரு. நாங்க அலைன்மெண்ட்டைத் தொடவே இல்ல, டேங்க்கைக் கழட்டி ரெண்டு அச்சுக்கும் நடுவுல கட்டிலுக்கு அடில கொண்டு போனோம், பேட்டரியை இடது பக்கம் மாத்தினோம், அவ்ளோ தான், மிதப்பு போயிடுச்சு.

அதனால நீங்க செய்ய வேண்டிய மொத வேலை எடை மேடை. லாரிங்களுக்கு எடை போடற இடம் எதுவா இருந்தாலும் சரி. வண்டியை ஊருக்கு கிளம்பற மாதிரி முழுசா ரொப்பிகினு போங்க, முழு வண்டியை ஒரு தடவை, முன் வீலு மட்டும் மேடையில ஏத்தி ஒரு தடவை, பின் வீலு மட்டும் ஒரு தடவை, மூணு சீட்டு வாங்குங்க. ஆர்.சி.ல லேடன் வெயிட்னு ஒண்ணு போட்டிருக்கும், லோடோட சேத்து வண்டிக்கு அனுமதிச்ச எடை அது, மொத்த எடை அதைத் தாண்டியிருந்தா ஸ்பீடு பத்தி பேசறதுக்கு முன்னாடி சாமானை இறக்கணும், வேற வழியே இல்ல. டேங்க்ல எப்பவும் நூறு லிட்டரும் வேணுமான்னும் யோசிங்க, முப்பது லிட்டரோட கிளம்பி போற ஊர்ல ரொப்பிக்கலாமே. ஆர்.சி. பேச்சு வந்ததுனால இன்னொண்ணு, சீட்டை எடுத்து உள்ள மாத்தி கட்டினதை ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல சொல்லி ஆர்.சி.ல ஏத்தியிருக்கணும், மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவு அது, ஏத்தலைன்னா ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரங்க கேக்கற மொத கேள்வியே அதுவா தான் இருக்கும்.

அடுத்து டயர். இதை கொஞ்சம் நீளமா தான் சொல்லுவேன், ஏன்னா எனக்கே ஆன விஷயம். பல வருஷத்துக்கு முன்னாடி ஒரு மே மாசம், அக்னி நட்சத்திரம் நேரம், மத்தியானம் ரெண்டு மணி இருக்கும், ஆம்பூர்ல கல்யாணத்தை முடிச்சிகினு குடும்பத்தோட என் வேன்ல திரும்பறேன், பள்ளிகொண்டா தாண்டி 80-ல வந்துகினு இருக்கேன், முன் இடது டயர் வெடிச்சுது. வெடிச்ச சத்தத்தை விட அதுக்கப்புறம் ரிம்மு ரோட்ல தேயற சத்தம் தான் இன்னும் காதுல இருக்கு. வண்டி இடது பக்கமா இழுத்துச்சு, நான் பிரேக்கை அழுத்தாம ஸ்டியரிங்கை மட்டும் பிடிச்சிகினு ஓரத்துக்கு விட்டேன், ஓரத்துல அந்த நேரம் யாரும் இல்ல, அதனால தான் நான் இன்னைக்கு இதை எழுதறேன். இறங்கிப் பாத்தா டயர் தேங்கா நார் மாதிரி பிரிஞ்சு கிடக்குது, ஆனா சார், அதுல பட்டன், அதான் ரோட்ல படற ரப்பர் கட்டைங்க, முக்கால் வாசி அப்படியே இருந்துச்சு. ஒரு கடையில "புதுசு மாதிரி இருக்குண்ணா"ன்னு சொல்லி கொடுத்த செகண்ட்ஸ் டயரு, நானும் பட்டனை மட்டும் பாத்து வாங்கிட்டேன், வேன் மெக்கானிக் நானே. பக்கவாட்டுல தேதியை அப்பத் தான் குனிஞ்சு பாத்தேன், ஒன்பது வருஷ டயர்.

அந்தத் தேதி எங்க இருக்கும்னா டயர் பக்கவாட்டுல டாட்னு எழுதின வரிசையோட கடைசில நாலு நம்பர் ஒரு சின்ன கட்டத்துக்குள்ள இருக்கும், 2317-னு இருந்தா 2017-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செஞ்ச டயர்னு அர்த்தம். வெளிப்பக்கம் இல்லன்னா உள்பக்கம் டார்ச் அடிச்சு பாருங்க, அஞ்சையும் பாருங்க, ஸ்டெப்னியை விட்டுடாதீங்க. ஆறு வருஷம் தாண்டினா நான் வருஷா வருஷம் கழட்டி உள்ள வெளிய பாப்பேன், பத்து வருஷம் ஆயிடுச்சுன்னா பட்டன் எவ்ளோ இருந்தாலும் தூக்கிப் போட்டுடுவேன். உங்களை மாதிரி மாசத்துல நாலு நாள் ஓடற வண்டிங்களுக்கு பட்டன் தேயவே தேயாது, ரப்பர் தான் வெயில்ல காஞ்சு வெடிப்பு விடும், அதனால தான் வீடு கட்டின வண்டிங்கள்ல டயரைப் பாத்து ஏமாந்து போறது அதிகம். அதே பக்கவாட்டுல லோடு நம்பரும் ஒரு எழுத்தும் இருக்கும், ஜேன்னா 100, கேன்னா 110, எல்னா 120 கிலோமீட்டர். அதைப் பாத்துட்டு டயரே 120 தாங்கும்னு போட்டிருக்கேன்னு சொல்லாதீங்க, அது புது டயருக்கு, சரியான காத்து, சரியான லோடு இருக்கும்போது கம்பெனி சொல்ற கணக்கு.

காத்து காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி, டயர் சில்லுனு இருக்கும்போது பாக்கணும், கம்பெனி அந்த லோடுக்கு சொன்ன அளவு. ஓடினப்புறம் சூட்டுல பிரஷர் ஏறும், அது ஏறத் தான் செய்யும், அதைப் பாத்து பயந்து நடுவழியில காத்தை இறக்கிட்டீங்கன்னா டயர் இன்னும் அதிகமா மடங்கும், மடங்க மடங்க சூடாகும், வெடிக்கறதே அப்படித் தான். நம்ம ஊர் வெயில்ல ரோடே அடுப்பு மாதிரி இருக்கும்போது 60-ல ஓடற டயருக்கும் 80-ல ஓடற டயருக்கும் சூட்டுல நிறைய வித்தியாசம்.

இப்ப ஸ்டியரிங் ஆட்டம். ஆட்டம் எங்க தெரியுதுன்னு பிரிச்சு பாருங்க. ஸ்டியரிங் வீல்ல கைக்கு தெரிஞ்சா முன் பக்கம், அதாவது வீல் பேலன்ஸ், டயர்ல வீக்கம், டை ராட் எண்ட், கிங் பின்னோ பால் ஜாயிண்ட்டோ உங்க மாடல்ல எது இருக்கோ அது, எல்லாம் முன் வீலைத் திருப்பற மூட்டுங்க. உக்காந்திருக்கற சீட்டுலயும் தரையிலயும் தெரிஞ்சா பின் டயரு இல்லன்னா புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸ், அதாவது இன்ஜின் சுத்தறதைப் பின் வீலுக்கு கொண்டு போற தண்டோட மூட்டு. 75-ல ஆரம்பிச்சு 85 தாண்டினதும் குறைஞ்சிடுதுன்னா பெரும்பாலும் பேலன்ஸ் தான், ஸ்பீடு ஏற ஏற ஆட்டமும் ஏறிகினே போகுதுன்னா ஏதோ லூஸா இருக்கு. இதுல ஒரு தப்பு நடக்கும், அந்த ஆட்டத்தைத் தாண்டிப் போயிட்டா சரியாயிடுதுன்னு சில பேர் வேணும்னே 90-க்கு கொண்டு போவாங்க, தயவு செஞ்சு அதைப் பண்ணாதீங்க சார், ஆட்டம் கைக்கு தெரியல, அவ்ளோ தான், சாமான் தேயறது நிக்கல.

ஹீட்டுக்கு வர்றேன். சூளகிரி ஏத்தத்துல முள்ளு முக்காலுக்கு போகுதுன்னா ரேடியேட்டர் பாதி அடைச்சிருக்குன்னு நான் இங்க இருந்தே சொல்லுவேன். நம்ம பக்கம் போர் தண்ணி எவ்ளோ உப்புன்னு உங்களுக்கே தெரியும், வீட்ல ஹீட்டர் ராடு எடுத்தா வெள்ளையா படிஞ்சிருக்கும் பாருங்க, அதே தான் ரேடியேட்டர் குழாய் உள்ளயும் படியுது. பழைய ஓனர் கூலண்ட்டுக்கு காசு எதுக்குன்னு போர் தண்ணியை ஊத்தி ஊத்தி ஓட்டியிருப்பாரு. ரேடியேட்டரைக் கழட்டி ராடு விட்டு சுத்தம் பண்ணி, தெர்மோஸ்டாட் பாத்து, ஃபேன் பெல்ட் டைட் பண்ணி, கூலண்ட்டும் சுத்தத் தண்ணியும் கலந்து ஊத்தணும். அது வரைக்கும் ஏத்தத்துல டாப் கியர்ல போட்டு முக்க விடாதீங்க, ஒரு கியர் குறைங்க, இன்ஜின் சுத்தினா ஃபேனும் தண்ணி பம்பும் சேர்ந்து வேகமா சுத்தும், முள்ளு தானா இறங்கும். ரொம்ப பேர் இதைத் தலைகீழா பண்றாங்க, ஹீட் ஏறுதுன்னு ஆக்சிலேட்டரை அழுத்தி டாப்லயே இழுப்பாங்க.

80-ல 8 தான் கொடுக்குதுன்னு எழுதியிருக்கீங்களே, அதுவும் இதுவும் ஒரே கதை தான். உங்க வண்டி ஒரு பெட்டி மாதிரி, மேல கேரியர் வேற. காத்து தள்ற எதிர்ப்பு ஸ்பீடோட வர்க்கமா ஏறும், அதைக் கிழிச்சிகினு போக இன்ஜின் கொடுக்க வேண்டிய சக்தி மும்மடி கணக்குல ஏறும், நீங்க வாத்தியார், உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல. 60-ல இருந்து 80-க்கு போனா ஸ்பீடு மூணுல ஒரு பங்கு தான் ஏறுது, ஆனா காத்துக்காக மட்டும் இன்ஜின் செய்யற வேலை ரெண்டே கால் மடங்குக்கும் மேல. அந்த டீசல் எரியற சூட்டுல ஒரு பங்கு ரேடியேட்டருக்குத் தான் வருது. கேரியர்ல எப்பவும் சாமான் இருக்கணும்னு இல்லன்னா கழட்டி வீட்ல வைங்க.

ஃப்ரெண்டு சொன்ன 90 கதை. பழைய டீசல் இன்ஜின் நல்லா சூடாகி, கொஞ்சம் லோடுல ஓடணும்ங்கறது உண்மை, கடைத் தெருவுக்கு ரெண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டிகினு இருந்தா கரி பிடிக்கும். ஆனா லோடு வேற, ஸ்பீடு வேற. நீங்க வாணியம்பாடியில இருந்து ஓசூர் வரைக்கும் நிதானமா ஏறினாலே அந்த வேலை முடிஞ்சிடும். மருமகன் சொன்ன 50-ம் பாதி தான் சரி. 45, 50-ல டாப் கியர் போட்டு ஏத்தத்துல இழுத்தா இன்ஜின் முக்கும், பேரிங்குக்கும் கியர் பாக்ஸுக்கும் அது நல்லதில்ல, அதோட ஃபோர் லேன்ல 50-ல போனா பின்னால வர்ற லோடு லாரி எல்லாம் உங்களைச் சுத்தி லேன் மாத்திகினே போகணும், அது உங்களுக்கும் ஆபத்து அவங்களுக்கும் ஆபத்து.

இன்ஜினுக்கு எது சௌகரியமான ஸ்பீடுன்னு ஒரு சாக்பீஸ் வச்சு கண்டுபிடிக்கலாம் சார், உங்க கிட்ட சாக்பீஸுக்கா பஞ்சம். பின் டயர்ல அடில ஒரு கோடு, நேரா தரையில ஒரு கோடு, வண்டியை மெதுவா தள்ளி டயர் ஒரு சுத்து முழுசா சுத்தி கோடு மறுபடி அடிக்கு வந்ததும் தரையில இன்னொரு கோடு, ரெண்டுக்கும் நடுவுல டேப்பு வச்சு அளங்க. உதாரணத்துக்கு 2.15 மீட்டர் வந்துச்சுன்னு வைங்க, ஹவுசிங் ரேஷியோ, அதாவது பின் வீலு ஒரு சுத்து சுத்த புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுத்து சுத்தணும்ங்கற கணக்கு, 4.1, டாப் கியர் நேர் கியர், இன்ஜினும் ஷாஃப்ட்டும் ஒரே சுத்து. 70 கிலோமீட்டர்னா நிமிஷத்துக்கு 1,167 மீட்டர், 2.15-ஆல வகுத்து 4.1-ஆல பெருக்கினா 2,225 ஆர்பிஎம் பக்கம், இன்ஜின் நிமிஷத்துக்கு சுத்தற சுத்து அது. 90-க்கு போட்டா 2,860 வரும். இந்த மாதிரி பழைய வேன் டீசலுங்களுக்கு 2,000-ல இருந்து 2,400 வரைக்கும் தான் இழுவை நல்லா இருக்கும், சத்தமும் கம்மியா இருக்கும், அதுல ஓடினா நாள் பூரா ஓடும். ரேஷியோ உங்க வண்டிக்கு எவ்ளோன்னு நேர்ல வந்தா ஹவுசிங்கைப் பாத்து சொல்றேன்.

ஸ்பீடாமீட்டரையும் நம்பாதீங்க, டயர் சைஸ் மாத்தியிருந்தா அது தப்பா தான் காட்டும். போன்ல ஜிபிஎஸ் வச்சு பாருங்க, இல்லன்னா பழைய வழி, ரோட்டோரத்துல கிலோமீட்டர் கல்லு. முள்ளை ஒரே எடத்துல நிறுத்தி ஒரு கல்லுல இருந்து அடுத்த கல்லுக்கு எவ்ளோ செகண்ட்னு வீட்டுக்காரம்மாவை எண்ணச் சொல்லுங்க, 60 செகண்ட்னா 60 கிலோமீட்டர், 50 செகண்ட்னா 72, 45-ன்னா 80, 40-ன்னா 90.

பிரேக் பத்தி நீங்க எதுவும் எழுதல, எனக்கு அது தான் ரொம்ப கவலை. கண்ணு பாத்து காலு பிரேக்குக்கு போக ஒன்றரை செகண்ட் எடுத்துக்கறேன், லோடு ஏத்தின பழைய வண்டி, காஞ்ச ரோடு, பிரேக் சுமாரா நல்லா இருக்குன்னே வச்சிக்கறேன். 60-ல வந்தா வண்டி நிக்க 53 மீட்டர் பக்கம் ஆகும். 80-ல வந்தா 83. 90-ல வந்தா 100 மீட்டர், ரோட்டோரத்துல 200 மீட்டருக்கு ஒரு சின்ன கல்லு வச்சிருக்காங்களே, அதுல பாதி தூரம். இப்ப பள்ளிகொண்டாவுல இருந்து மாதனூர், ஆம்பூர் வரைக்கும் கண்ணை மூடி நினைச்சுப் பாருங்க, மீடியன்ல எங்க வழி விட்டிருக்காங்களோ அங்க எல்லாம் பால் கேன் கட்டின டூ வீலர், பையைத் தூக்கிகினு ரோட்டைக் கடக்கற பசங்க, ராங் சைடுல வர்ற டிராக்டர். 60-ல வந்தா 53 மீட்டர்ல அவங்களுக்கு நின்னுடலாம், 100 மீட்டர் வேணும்னா நிக்க முடியாது.

பிரேக் ஆயில் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்க, அது காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதுசுல 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரம் சேந்ததும் 140-லயே கொதிக்கும், கொதிச்சா பெடல் பஞ்சு மாதிரி தரைக்குப் போயிடும். இது எங்க நடக்கும்னா ஏலகிரி இறக்கத்துல, 14 கொண்டை ஊசி வளைவு, ஜமுனாமரத்தூர் இறக்கத்துல. எந்த கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்ல, தேவைப்பட்டா அதுக்கும் ஒண்ணு கம்மியா இறங்குங்க. டீசல் மிச்சம் பிடிக்கறேன்னு நியூட்ரல் போட்டு, இன்ஜினை நிறுத்தி இறங்கற பழக்கம் நம்ம ஆளுங்க கிட்ட இன்னும் இருக்கு, இன்ஜின் ஓடினா தான் வேக்குவம் பம்ப் ஓடும், வேக்குவம் இருந்தா தான் பெடல் லேசா இருக்கும், நிறுத்திட்டா ரெண்டு மூணு மிதிக்கு அப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆயிடும்.

சட்டம்னு பாத்தா, 2018-ல மத்திய அரசு போட்ட உத்தரவுல டிரைவரைத் தவிர எட்டு சீட்டுக்கு மேல இருக்கற வண்டிங்களுக்கு ஃபோர் லேன்ல 90, மத்த ரோட்டுல 60 தான் அதிகபட்சம்னு போட்டிருந்தாங்க, போர்டுல அதுக்கும் கம்மியா போட்டிருந்தா போர்டு தான் சட்டம். நம்ம வேலூர் திருவண்ணாமலை ரோட்ல கணியம்பாடி, கண்ணமங்கலம், போளூர்னு ஊருக்குள்ள ஊரா போற எடத்துல எல்லாம் அந்த 60-ஏ எனக்கு ஜாஸ்தியா தான் தெரியுது.

இப்ப வண்டியை டெஸ்ட் பண்ற விதம். டயர், பேலன்ஸ், ரேடியேட்டர் வேலை எல்லாம் முடிச்சப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை விடிகாலையில, முழு லோடோட, பள்ளிகொண்டாவுல ஏறி வாணியம்பாடி வரைக்கும் போங்க. 55-ல ஆரம்பிங்க, ஒவ்வொரு ஸ்பீடுலயும் அஞ்சு நிமிஷம் அப்படியே பிடிங்க, அஞ்சஞ்சா ஏத்துங்க. அம்மா நோட்டுல எழுதட்டும், ஹீட் முள்ளு எங்க, ஆட்டம் கையிலயா சீட்டுலயா, உள்ள பாத்திரம் சத்தம் போடுதா, ரெண்டு பேரும் குரலை உயர்த்தாம பேச முடியுதா, பக்கத்துல பெரிய லாரி ஓவர்டேக் பண்ணும்போது வண்டி எவ்ளோ தள்ளுது, அதைத் திருப்ப ஸ்டியரிங்கை எவ்ளோ ஒடிச்சீங்க. இதுல எதாவது ஒண்ணு மாறின எடத்துல நிறுத்திடுங்க, அதுக்கு மேல போய்ப் பாக்க வேணாம். கேஸ் சிலிண்டர் வால்வு மூடியிருக்கணும், ஓடும்போது எப்பவுமே.

இருபது கிலோமீட்டர் ஓடினதும் பிரேக்கை அதிகமா மிதிக்காம மெதுவா ஓரம் கட்டி நாலு வீலு நடுவுலயும் கையை கிட்ட கொண்டு போங்க, தொடாதீங்க, சுட்டுடும், கிட்ட கொண்டு போனாலே தெரியும். நாலும் ஒரே மாதிரி வெதுவெதுன்னு இருக்கணும். ஒண்ணு மட்டும் அனலா அடிச்சா அந்த வீல்ல பிரேக் விடாம பிடிச்சிகினு இருக்கு, இல்ல பேரிங் போயிகினு இருக்கு. நான் எந்த வேன் வந்தாலும் ரோடு டெஸ்ட் முடிச்சு இறங்கினதும் மொதல்ல செய்யற வேலை இது தான், மெஷின் எதுவும் வேணாம், இது வரைக்கும் என்னைக் கைவிட்டதில்ல.

நீங்க கேட்ட நம்பர் சார். இன்னைக்கு இருக்கற நிலைமையில, டயர் தேதி பாக்காம, ஆட்டம் சரி பண்ணாம, 60-ஐ தாண்டாதீங்க, இடது லேன்லயே போங்க. எல்லா வேலையும் முடிஞ்சு, எடை மேடை சீட்டும் சரியா இருந்துச்சுன்னா ஃபோர் லேன்ல ஜிபிஎஸ்ல 65-ல இருந்து 70, ஒரு டிராக்டரைத் தாண்டணும்னா கொஞ்ச நேரம் 75, அதுக்கு மேல உங்க வண்டிக்கு நான் சம்மதிக்க மாட்டேன். மத்தியானம் வெயில்ல அஞ்சு குறைங்க, மழையில பத்து குறைங்க, மலையில ஸ்பீடை மறந்துட்டு கியரை மட்டும் பாருங்க. 65-க்கு லாரிங்க ஹாரன் அடிக்காது, லோடு லாரிங்க பாதி அந்த ஸ்பீடுல தான் ஓடுது. வேலூர்ல இருந்து பெங்களூருக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல, 70-ல போறதுக்கும் 80-ல போறதுக்கும் பேப்பர்ல பாத்தா இருபது, இருபத்தஞ்சு நிமிஷம் தான் வித்தியாசம், டோல்கேட்லயும் டீ கடையிலயும் அது கூட மிஞ்சாது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை எப்படியும் நிறுத்தி இறங்கி நடங்க, உங்க முழங்காலுக்கும் சேத்து தான் சொல்றேன்.

வர்ற வியாழக்கிழமை காலைல வாங்க, அன்னைக்கு லிஃப்ட் காலியா இருக்கும். காத்து மட்டும் குடியாத்தத்துலயே வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி பாத்து எழுதிகினு வாங்க, இங்க வந்து சேர்றதுக்குள்ள டயர் சூடாயிடும். தண்ணி டேங்க்கை ரொப்பிகினு, சிலிண்டர், பாத்திரம், படுக்கை எல்லாம் ஊருக்குப் போற மாதிரியே ஏத்திகினு வாங்க, அம்மாவையும் கூட்டிகினு வாங்க, எடை மேடையில வண்டி ஏறும்போது ரெண்டு பேரும் உள்ள உக்காந்திருக்கணும்.